காத்ரீனாவுக்குக் கண் திறந்தவன்

டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. பாலகுரு அதைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் திரை முழுக்க ஒரு பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அவளுடைய மூடிய இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயதைத் தாண்டிய முகம். வெயிலில் கறுத்து, கன்ன எலும்பு மேலெழும்பி, உதட்டோரம் வெடித்து, அச்சங்குளம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தால் எந்த ஊரம்மா என்று கேட்கத் தோன்றுகிற ஜாடை. தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். வேறு யாராவது பார்த்திருந்தால் தூங்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பாலகுருவிடம் அந்தப் பாச்சா பலிக்காது. தாடையில் ஒரு தளர்ச்சி, மூக்கு நுனியில் ஒரு கூர்மை. படம் எடுத்தபோது அந்த அம்மாள் உயிரோடு இல்லை என்று அவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

திருத்தங்கலில் பிரஸ்ஸுக்கும் பஞ்சமில்லை, டிசைனருக்கும் பஞ்சமில்லை. ஆனால் செத்தவர்களுக்குக் கண் திறக்க வேண்டுமென்றால் பாலகுருவைத்தான் தேடி வருவார்கள். இருந்தவரைக்கும் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிடுகிற ஆத்மாக்கள் இன்றைக்கும் இருக்கத்தான் செய்கிறார்கள். நாற்காலியில் சாய்த்து மாலை போட்டபிறகு யாராவது போனில் எடுத்த படம் ஒன்றுதான் மிஞ்சும். அதைக் கொண்டுவந்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும், கண்ணை மட்டும் திறந்து கொடுங்கள் என்று நிற்பார்கள். மூடிய கண்ணோடு ஒருவரைச் சுவரில் ஒட்டுவது இந்தப் பக்கத்து வழக்கமில்லை. அப்படி ஒட்டினால் செத்தவர் போக வழி தெரியாமல் வாசலிலேயே படுத்துக் கிடப்பார் என்று ஒரு பேச்சு. பாலகுரு அதை நம்பினானோ இல்லையோ, படத்தில் மூடிய கண்ணைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது.

அதற்கென்று ஒரு முறை உண்டு. கண்ணை வரையக் கூடாது. வரைந்த கண் பொம்மைக் கண்ணாகிவிடும். செத்தவரின் ரத்த உறவில் ஒருவருடைய படத்தைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து கண்ணை எடுத்துப் பொருத்த வேண்டும். அப்பாவுக்கு மகன் கண், அக்காளுக்குத் தங்கை கண். கருமாதி முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து அதை அழித்துவிட வேண்டும். சம்பந்தமில்லாதவர் கண்ணை எடுப்பது நல்லதில்லை. தன் வீட்டார் கண்ணை நினைத்தே பார்க்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் சட்டமாகப் போடவில்லை, இந்த வேலையில் கைவைத்த எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

படம் வந்திருந்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து. சிவகாசிப் பக்கம் பிராந்தி லேபிள் அடிப்பது புதிதில்லை. ஆனால் வைன் லேபிள், அதுவும் கடல் கடந்து போகிற லேபிள், அந்தப் பிரஸ்ஸுக்கு முதல் தடவை. முதலாளி நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சியின் மகள் அனுப்பிரியாதான் டர்பனில் இருக்கிற ஒரு தமிழ் ஏஜென்ட்டைப் பிடித்து அந்த ஆர்டரைக் கொண்டுவந்தாள். கேப் டவுனைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். தலைமுறை தலைமுறையாக அங்கே கூலிவேலை பார்த்தவர்கள் ஒரு டிரஸ்ட் அமைத்து, தோட்டத்தில் பங்கு வாங்கி, தாங்களே வைன் செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். கூலிக்காரர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கிற சங்கத்தார் வந்து சோதித்து முத்திரை கொடுத்திருந்தார்கள். ஐரோப்பாவில் ஒரு பெரிய கடை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அதுவரை பாட்டிலில் பழைய முதலாளி வீட்டு மாளிகை இருந்தது. இனி அந்த இடத்தில் காத்ரீனா என்ற கூலிக்காரியின் முகம் வரவேண்டும் என்பது அவர்கள் ஆசை. டிரஸ்டில் வைன் செய்பவள் டெலீன், காத்ரீனாவின் மகள். படத்தை அனுப்பியதும் அவள்தான்.

கண்ணைத் திற என்று மெயிலில் இல்லை. திறக்காதே என்றும் இல்லை. எப்படி இருக்கும்? செத்தவர் கண்ணைத் திறந்துவைக்கிற ஊர் ஒன்று உலகத்தில் உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. அதை மூடியபடியே அச்சடிக்கிற ஊர் ஒன்று இருக்கும் என்று பாலகுருவுக்கும் தோன்றவில்லை. மகளுடைய படம் ஒன்று கேட்டு வாங்கித் தாருங்கள் என்று அனுப்பிரியாவிடம் சொல்லியிருக்கலாம். சாயங்காலத்துக்குள் புரூஃப் போக வேண்டும் என்று அவள் காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டதுபோல் நின்றுகொண்டிருந்தாள். இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தான். எந்தக் கண்ணும் சேரவில்லை. காத்ரீனாவின் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து, கொஞ்சம் கீழேயிருந்து விழுந்திருந்தது. அப்படி விழுந்த ஒரு படம் தன் போனிலேயே இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருக்கன்குடி கோயிலுக்குப் போனபோது ஆற்றுமணலில் நிற்கவைத்து எடுத்தது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நினைத்துக்கொண்டான். அதில் நிற்பது அவன் மனைவி வீரலட்சுமி.

சின்ன வயதில் அம்மை வார்த்து வீரலட்சுமிக்குக் கண் போக இருந்ததாம். அவள் அம்மா இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போட்டுப் பார்வையை மீட்டாள். ஆனாலும் இடது இமை மட்டும் ஒரு நெல் அளவு இறங்கியே நின்றுவிட்டது. எதையோ பாதி நம்பிப் பாதி நம்பாமல் பார்க்கிற மாதிரி இருக்கும். பாலகுருவுக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடிக்கும். அவன் சொல்கிற பொய்யெல்லாம் அந்த இறங்கிய இமையில்தான் போய் முட்டி நிற்கும். அந்த இமையோடு சேர்த்து இரண்டு கண்ணையும் வெட்டியெடுத்து, காத்ரீனாவின் முகத்தில் வைத்து, ஓரங்களை மெழுகினான். நிறத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பூட்டுக்குச் சாவி மாதிரி உட்கார்ந்துகொண்டது. திரையிலிருந்து அந்த அம்மாள் அவனைப் பார்த்தாள். வேலை சுத்தமாக அமைந்த சந்தோஷம் ஒரு பக்கம் இருக்க, அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் புரூஃபை அனுப்பினான்.

லேபிள் தாளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று டிரஸ்டிலிருந்து கேட்டார்கள். அதனால் மிஷினில் போட்டுக் கொஞ்சம் ஓட்டி, நல்ல தாள்களைக் கூரியரில் அனுப்பினார்கள். கலர் பிடிக்கும்வரை ஓடிய வேஸ்ட் தாள்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. மிஷின் ஓட்டிய சுந்தரபாண்டி அந்தக் கட்டுகளையெல்லாம் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தான். எதுக்குடா என்று பாலகுரு கேட்டதற்கு, சும்மாதாண்ணே என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, பார்க்குதுண்ணே என்றான்.

வீரலட்சுமிக்குத் தூக்கம் போனது அந்த வாரத்தில்தான்.

வேறு வேலை பார்க்கிற பெண்ணாக இருந்தால் இரண்டு நாள் தூங்காமல் இருப்பது ஒரு விஷயமே இல்லை. வீரலட்சுமி நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் இருந்தாள். உருட்டிக் காயவைத்த காகிதக் குழல்களை வளையத்துக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் மருந்தைக் கொட்டி, நிரவி, மேலே மூடுவது அவள் வேலை. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலிருக்கிற கரன்ட்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். மருந்தைத் தேய்க்கக் கூடாது, தட்டக் கூடாது, சிந்தியதை மிதிக்கக் கூடாது. மற்ற வேலையில் கண் அசந்தால் சம்பளம் பிடிப்பார்கள். அங்கே கண் அசந்தால் நாலு வீட்டில் பாய் விரிக்க வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு சிட்டிகை மருந்து கீழே சிந்தியதில்லை. மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிப்பது அந்தக் கையால்தான் என்று பாலகுருவே வெளியில் சொல்வான்.

முதலில் அவன் கிண்டல்தான் செய்தான். பகல் முழுக்க டீ குடித்தால் எப்படித் தூக்கம் வரும் என்றான். அவள் டீயை நிறுத்தினாள். ஹோமியோபதிக்காரரிடம் உருண்டை வாங்கிப் போட்டாள். கசகசா அரைத்துப் பாலில் குடித்தாள். எதற்கும் அசையவில்லை. ஒரு நாள் காலை, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கண்ணை மூடினாலும் தெரியுதுங்க."

"என்ன தெரியுது?"

"காடு. பருத்திக் காடு மாதிரி வரிசை வரிசையா. ஆனா பருத்தி இல்ல. குச்சி ஊனி, கம்பி இழுத்து, கொடியைக் கட்டிவிட்டிருக்காக. பின்னால நீலமா மலை. நம்ம சதுரகிரி மலை இல்ல, மேல வெட்டிவிட்டாப்புல தட்டையா இருக்கு. ஒரு தகர டம்ளரு கைக்குக் கை மாறி வருது. வரிசையா நிக்கோம்."

வைன் லேபிளைப் பற்றிப் பாலகுரு வீட்டில் வாயே திறக்கவில்லை. பிரஸ்ஸில் என்ன ஓடுகிறது என்று அவளும் கேட்கிற வழக்கமில்லை. அதைவிட அவனைக் குத்தியது வேறொன்று. நிற்கிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. நிற்கிறோம் என்று சொன்னாள். ஏதாவது கெட்ட கனவாக இருக்கும், சனிக்கிழமை இருக்கன்குடிக்குப் போய்வரலாம் என்று சொல்லி வைத்தான். அந்த இமை அவனைப் பாதி நம்பியது, பாதி நம்பவில்லை.

அடுத்த நாள் பிற்பகலில் அனுப்பிரியா அவனைத் தன் அறைக்கு அழைத்தாள். லேப்டாப்பில் டெலீன் இருந்தாள். பின்னால் பெரிய பெரிய மர பீப்பாய்கள். ஆறேழு பீப்பாய்க்கு நடுவே சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், கையெல்லாம் ஊதாக் கறை. அம்மாவின் அதே கன்ன எலும்பு. வெள்ளைக்காரி மாதிரி வேகமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்து பயந்துபோயிருந்தான். அவள் ஒவ்வொரு சொல்லாக நிதானமாகப் பேசினாள். அனுப்பிரியா கேட்டுக் கேட்டு அவனுக்குத் தமிழில் சொன்னாள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு காலத்தில் கூலியில் ஒரு பகுதியை வைனாகக் கொடுப்பார்களாம். காலையில் ஒரு தகரக் குவளை, பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, வேலை விட்டதும் ஒன்று. வரிசையில் நின்று குடிக்க வேண்டும். விற்க லாயக்கில்லாத சரக்கு. காத்ரீனாவுக்கு ஏழெட்டு வயதிலேயே அந்தக் குவளை கைக்கு வந்துவிட்டது. பிள்ளையாண்டிருந்தபோதும் வந்தது. டெலீனுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் சரியாக வளரவில்லை. ஒருநாள் காத்ரீனா வரிசையில் நின்றுகொண்டே தன் குவளையைக் கவிழ்த்து மண்ணில் ஊற்றினாள். அடுத்து நின்றவளும் ஊற்றினாள். சட்டம் வந்து அந்தப் பழக்கத்தைத் தடுத்ததெல்லாம் சரிதான், ஆனால் அந்தத் தோட்டத்தில் அது நின்றது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு காத்ரீனா தூங்கவில்லை. உடம்பு கேட்டதா, முதலாளி ஏதாவது செய்துவிடுவான் என்ற பயமா, யாருக்கும் தெரியாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிசைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். செத்தபிறகும் கண் மூடவில்லை. சொந்தக்காரப் பெண்கள் மூன்று பேர் மாறி மாறி இமையைப் பிடித்துக்கொண்டிருந்துதான் மூடவைத்தார்கள்.

"அம்மா தூங்கி அவங்க பார்த்தது அந்த ஒரு தடவைதானாம் அண்ணே," என்றாள் அனுப்பிரியா. அவள் குரலும் இறங்கியிருந்தது. "அதான் அந்தப் படத்தை அனுப்பியிருக்காங்க. தூங்குற முகம்தான் பாட்டில்ல வேணும்னு நினைச்சிருக்காங்க. நாம கண்ணைத் திறந்துட்டோம்."

தப்பு செய்துவிட்டேன் பாப்பா, இப்போதே பழையபடி மூடிவிடுகிறேன், பத்து நிமிஷ வேலை என்றான் பாலகுரு. உண்மையில் அவனுக்கு அது தப்பிக்கிற வழியாகத் தெரிந்தது. அனுப்பிரியா தலையை ஆட்டினாள். விஷயம் டெலீன் கையை மீறிப் போய்விட்டது. கூரியரில் வந்த தாளை டிரஸ்ட் கூட்டத்தில் சுற்றுக்கு விட்டார்களாம். காத்ரீனாவோடு வேலை செய்த கிழவிகள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி தாளைப் பார்த்து வணக்கம் சொன்னாள். இதுதான் அவள், இந்த இறங்கின இமை அவளுடையது, இதுதான் வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டது டெலீன் ஒருத்திதான். அரசாங்க ஆபீஸிலும் அந்த லேபிளைக் காட்டி அனுமதி வாங்கியாகிவிட்டது.

திரையில் டெலீன் பாலகுருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி அவனுக்கு அனுப்பிரியா சொல்லாமலே புரிந்தது. இருந்தாலும் அவள் சொன்னாள். "இது யாரோட கண்ணுன்னு கேக்குறாங்க அண்ணே."

கம்ப்யூட்டர் தானாகப் போட்ட கண் என்று பாலகுரு சொன்னான். அனுப்பிரியா அதை இங்கிலீஷில் சொன்னாள். டெலீன் நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது, ஆனாலும் சண்டைக்கு வரவில்லை. ஊதாக் கறை படிந்த கையால் தன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மெதுவாக என்னவோ சொன்னாள். அனுப்பிரியா உடனே மொழிபெயர்க்கவில்லை. வீடியோ கால் முடிந்தபிறகுதான் சொன்னாள்.

"யாரோடதா இருந்தாலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கன்னு சொன்னாங்க. அவங்க தூங்குறாங்களான்னு."

அன்றைக்கு வீட்டுக்குப் போன பாலகுரு எதையும் கேட்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்கிற கணக்குதான். அவன் கேட்காவிட்டால் என்ன, பதில் தானாக வீட்டுக்கு வந்தது. வேலை விட்டு வந்த வீரலட்சுமி டிபன் பையிலிருந்து ஒரு காகிதக் குழலை எடுத்துத் தரையில் வைத்தாள். சுண்டுவிரல் நீளம். பிரஸ்களில் கழிக்கிற வேஸ்ட் தாளை வாங்கித்தான் வெடிக்குக் குழல் உருட்டுவார்கள். சாமி படம் கலந்து வந்தால் பொறுக்கி எடுத்துவிடுவார்கள், மற்றதெல்லாம் வெடித்துச் சிதறப் போகிற காகிதம்தானே என்று யாரும் பார்ப்பதில்லை. அவள் குழலை நகத்தால் கீறிப் பிரித்து, நீவி, அவன் முன்னால் தள்ளினாள். இரண்டு கண்கள். இடது இமை நெல்லளவு இறங்கியிருந்தது.

காலையில் தன் முன்னால் வைத்த வளையம் முழுக்க இதே கண்ணாக இருந்தது என்றாள். அடுக்கி வைத்த குழல் ஒவ்வொன்றிலும் ஒரு கண் திரும்பி அவளைப் பார்த்ததாம். கொட்டி நிரவுகிறபோது மருந்து விளிம்பைத் தாண்டித் தரையில் சிந்திவிட்டது. பக்கத்திலிருந்த சுப்புத்தாய் சத்தம் போடாமல் ஈரத் துணியால் ஒற்றியெடுத்தாள். ஒற்றியெடுத்து முடிக்கிறவரை அந்த அறையில் நாலு பேரும் மூச்சு விடவில்லை.

"என் கண்ணை யாருக்குங்க குடுத்தீக?"

அவள் கத்தியிருந்தால் அவன் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பான். அவள் கத்தவில்லை. தூங்காமல் வீங்கிச் சிவந்த கண்ணோடு உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பாலகுரு எல்லாவற்றையும் சொன்னான். காத்ரீனாவைச் சொன்னான், தகரக் குவளையைச் சொன்னான், மண்ணில் ஊற்றியதைச் சொன்னான். வீரலட்சுமி அதற்கெல்லாம் ஆச்சரியப்படவில்லை. தெரிந்த வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் கேட்டாள். கடைசியில், டம்ளரு இன்னைக்கு எனக்கு முந்தின ஆளுகிட்ட வந்துருச்சு, என்கிட்ட வந்தா என்ன செய்யன்னு தெரியல என்றாள். கொஞ்ச நாள் வேலைக்குப் போகாதே என்று அவன் கெஞ்சினான். வீட்டில் உட்கார்ந்தால் மட்டும் தூக்கம் வந்துவிடுமா, தீபாவளி சீசன் ஆர்டர் நிற்கிறது, போர்மேன் ஆளை மாற்றிவிடுவார் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே அவன் அனுப்பிரியாவிடம் போய் நின்றான். கண்ணை எடுத்துவிடலாம் பாப்பா என்று மட்டும் சொன்னான். அவள் கோபப்படவில்லை. அவளுக்கும் அந்தப் படம் பிடிக்கவில்லை என்றுகூடச் சொன்னாள். ஆனால் அங்கே ஆபீஸில் முத்திரை வாங்கிய லேபிளுக்கும் பாட்டிலில் ஒட்டுகிற லேபிளுக்கும் வித்தியாசம் வரக் கூடாது. வந்தால் மறுபடி முதலிலிருந்து. தோட்டத்துக்கே வந்து வைனைப் பாட்டிலில் அடைத்துக் கொடுக்கிற வண்டிக்குத் தேதி வாங்கியாகிவிட்டது, தேதி தப்பினால் ஐரோப்பாக் கடைக்காரன் கைகழுவிவிடுவான், கூலிக்காரர்கள் முதல்முதலாகத் தங்கள் பெயரில் அனுப்புகிற லோடு அப்படியே நின்றுபோகும். இந்தப் பக்கம் அண்ணாச்சி இந்த ஆர்டரை நம்பிப் புது மிஷினுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

முழு ஆர்டரையும் அடிப்பதற்கான அச்சுப் பிளேட்டுக்கு அன்றைக்கே படம் போக வேண்டும். தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து காத்ரீனாவைத் திரையில் ஏற்றினான். அவள் அவனைப் பார்த்தாள், வீரலட்சுமி பார்க்கிற மாதிரியே. லேபிளில் அந்த முகம் தீப்பெட்டி அளவுதான் வரும். அதில் கண் ஒரு மிளகு அளவு. வேறு கண்ணை மாற்றிவைத்து இமையை அதே மாதிரி இறக்கிவிட்டால் பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது. இன்டர்நெட்டைத் திறந்தான். ஊர் பேர் தெரியாத பெண்களின் முகங்கள் வரிசையாக வந்தன. ஒருத்தி சிரித்தாள். ஒருத்தியின் மடியில் குழந்தை இருந்தது. எவள் வீட்டுத் தூக்கத்தையோ எடுத்து இதில் போட அவனுக்கு மனசு வரவில்லை. திறந்ததை மூடிவிட்டான்.

எழுந்து ஜன்னலோரம் போய், வெளிச்சம் இடப்பக்கம் கீழிருந்து விழுகிற மாதிரி நின்று, போனை நீட்டித் தன்னைத்தானே படம் எடுத்தான். சுந்தரபாண்டி அந்தப் பக்கம் போனவன், என்னண்ணே செல்பியா, மாப்பிள்ளை களை வந்துருச்சு என்று சிரித்துவிட்டுப் போனான். பாலகுரு தன் கண்ணை வெட்டியெடுத்தான். புருவ முடியை நீக்கினான், ஓரத்தைப் பெண்ணுக்கு ஏற்ற மாதிரி மெலிதாக்கினான், இடது இமையை ஒரு நெல் அளவு இறக்கினான். வீரலட்சுமியின் கண்ணைப் படத்திலிருந்து அழித்தான், கம்ப்யூட்டரிலிருந்து அழித்தான், போனிலிருந்து அந்த ஆற்றுமணல் படத்தையும் அழித்தான். அது அவனுக்கு ரொம்பப் பிடித்த படம். அழித்தபிறகு ஒருமுறை காத்ரீனாவைப் பார்த்தான். ஒன்றுமே தோன்றவில்லை. கண்ணாடி பார்க்கிற மாதிரிகூட இல்லை. பிளேட்டுக்கு அனுப்பினான்.

மிஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தூரத்தில் 'டம்' என்று கேட்டது.

அந்த ஊர்களில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் கிண்டல் கேலி எல்லாம் ஒரு நொடியில் நின்றுபோகும். ஆளாளுக்குப் போனை எடுப்பார்கள். சோதனைக்கு வெடித்துப் பார்க்கிற சத்தமா, மற்ற சத்தமா என்று காது பிரித்துச் சொல்லப் பார்க்கும், சொல்ல முடியாது. சுந்தரபாண்டி மிஷினை நிறுத்தினான். நாரணாபுரம் பக்கமாக்கும் என்று யாரோ சொன்னார்கள். பாலகுரு வீரலட்சுமிக்குப் போன் போட்டான். மருந்து அறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பைக்கை எடுத்தது, ரயில்வே கேட்டைத் தாண்டியது, எதுவும் அவனுக்கு நினைவில்லை. ஆத்தா, நான் மாற்றிவிட்டேன், நான் மாற்றிவிட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். யாரிடம் சொல்கிறோம் என்றுகூட யோசிக்கவில்லை.

கம்பெனி வாசலில் கூட்டம் இல்லை. புகை இல்லை. காவலுக்கு இருந்த பெத்தணன் பீடிகூடப் பிடிக்க முடியாத வேலை என்று சலித்துக்கொண்டே எழுந்து வந்தார். புது ஷெல்லு வெடி ஒண்ணை வெடிச்சுப் பாத்தாக, அம்புட்டுத்தான், ஏன் இப்படி வேர்த்து வடியிது என்று கேட்டார். பாலகுரு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். லட்சுமி எங்கே என்று கேட்டான். பெத்தணன் வாசலுக்கு வெளியே, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த வேப்பமரத்தைக் காட்டினார்.

"சாப்பாட்டு நேரத்துல வந்து சாஞ்சா. அந்தால தூங்கிட்டா. சுப்புத்தாயும் எழுப்ப வேண்டாம்னுட்டா, போர்மேன்கிட்டயும் சொல்லிட்டாக. வெடிச் சத்தத்துக்குக்கூட அசையல பாத்துக்கோங்க."

வீரலட்சுமி டிபன் பையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. இரண்டு இமையும் முழுசாக மூடியிருந்தன, இடது இமைகூட. இந்த நாட்களில் அவள் மூடிய கண்ணுக்குள் உருண்டுகொண்டே இருந்த அசைவு அடங்கியிருந்தது. மூச்சு சீராகப் போய்க்கொண்டிருந்தது. பாலகுரு பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வந்தது, அழுதான். யாரும் பார்க்கவில்லை. பார்த்தால்தான் என்ன. அவள் முகத்தில் ஈ வந்து உட்கார்ந்தபோது தோளில் கிடந்த துண்டை எடுத்து மெல்ல வீசினான். தூங்கட்டும், எழுந்திருக்கிறபோது எழுந்திருக்கட்டும், நாம் இங்கேயே இருப்போம் என்று நினைத்துக்கொண்டான்.

வெயிலில் கண் கூசியது. கொஞ்சம் மூடிக்கொள்ளலாம் என்று மூடினான். வெளிச்சம் போகவில்லை. மூடியது மூடித்தான் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தான், இமை மூடித்தான் இருந்தது. கரிசல் காட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கம்பி இழுத்த கொடிகள் வரிசை வரிசையாக நின்றன. ஈர மண் வாசனையும் புளித்த வாசனையும் ஒன்றாக வந்தன. ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். புதிதாக வந்து சேர்ந்தவனுக்காக ஒருத்தி அரை அடி தள்ளி நின்று இடம் விட்டாள். அவனுக்கு முன்னால் தலையில் துணி கட்டியவள் நின்றாள். திரும்பினாள். அவன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த முகம், ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். கண் மட்டும் மூடியிருந்தது, அவள் மகள் அனுப்பிய படத்தில் இருந்த மாதிரியே, நிம்மதியாக. அவள் நீட்டிய தகரக் குவளை விளிம்புவரை நிறைந்திருந்தது. குடிக்கச் சொல்கிறாளா, கொட்டச் சொல்கிறாளா என்று அவள் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேப்பமரத்தடியில் வீரலட்சுமியின் முகத்துக்கு மேலே துண்டு ஒரே சீராகப் போய்வந்துகொண்டிருந்தது. பாலகுரு அந்தக் கையை நிறுத்தாமல், இன்னொரு கையை நீட்டினான்.